பத்தாவது முடித்த பிள்ளைக்கு எந்த குரூப்? கடைக்காரப் பெற்றோர் கவனத்திற்கு



பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு மே மாதத்தில் வெளியாகிறது. காலையில் மார்க் தெரிகிறது. மாலைக்குள் "பையனுக்கு எந்த குரூப்?" என்ற கேள்வி கடை வாசலுக்கு வந்துவிடுகிறது. சரக்கு எடுக்க வருகிறவர் கேட்கிறார், பால் ஊற்றுகிறவர் கேட்கிறார், எதிர்க்கடைக்காரரும் கேட்கிறார். நம்மில் பலர் அந்த ஒரு வாரத்திற்குள், ஒரு வாடிக்கையாளர் போய் அடுத்தவர் வருவதற்குள் கிடைக்கும் நேரத்தில், பிள்ளையின் படிப்பை முடிவு செய்கிறோம். ஒரு மூட்டை துவரம் பருப்பு வாங்க நாலு மண்டியில் விலை விசாரிக்கிறோம். கையில் அள்ளிப் பார்க்கிறோம், வாயில் போட்டும் பார்க்கிறோம். பிள்ளையின் குரூப் விஷயத்தில் அந்த அளவு விசாரணையாவது வேண்டாமா?

பருப்பு சரியில்லை என்றால் அடுத்த லோடில் சரி செய்து கொள்ளலாம். குரூப் சரியில்லை என்றால் போவது இரண்டு வருடம். அதோடு, 'நமக்குப் படிப்பு வராது' என்ற எண்ணமும் பிள்ளையின் மனதில் தங்கிவிடுகிறது. பிந்தியதுதான் பெரிய நஷ்டம். ஆகவே இந்த இதழில் பிளஸ் ஒன் குரூப் தேர்வு பற்றி, கடை வைத்திருக்கும் பெற்றோருக்குப் புரியும்படி விளக்கமாக எழுதுகிறோம்.

குரூப் என்றால் என்ன?

நம்மில் வயதில் மூத்தவர்கள் பதினோரு வருட எஸ்.எஸ்.எல்.சி. படித்தவர்கள். அதற்கு மேல் படித்தவர்கள் கல்லூரிக்குப் போய் பி.யூ.சி. படித்தார்கள். தமிழ்நாட்டில் 1978-ல் அந்த முறை மாறி பிளஸ் ஒன், பிளஸ் டூ வந்தது. முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு 1980-ல் நடந்தது. அன்று முதல் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை, பதினைந்து வயதிலேயே பாதையைத் தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று.

இன்று பிளஸ் டூவில் ஆறு பாடங்கள், பாடத்திற்கு 100 வீதம் மொத்தம் 600 மார்க். தமிழும் ஆங்கிலமும் எல்லோருக்கும் பொது. (தமிழுக்குப் பதில் வேறு மொழி எடுப்பவர்களும் உண்டு.) மீதி நான்கு பாடங்களின் தொகுப்பைத்தான் குரூப் என்கிறோம். பேச்சு வழக்கில் அவை இப்படி:

முதல் குரூப்: கணிதம், இயற்பியல், வேதியியல். நாலாவதாக உயிரியல் அல்லது கணினி அறிவியல்.

இரண்டாவது குரூப்: இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல். இதில் கணிதம் கிடையாது.

மூன்றாவது குரூப்: வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல். நாலாவதாக வரலாறு, வணிகக் கணிதம், கணினிப் பயன்பாடுகள் போன்றவற்றில் ஒன்று.

தொழிற்கல்விப் பிரிவு: வேளாண்மை, இயந்திரவியல், மின் பொறியியல், அலுவலக மேலாண்மை போன்றவற்றில் ஒன்றைச் செய்முறையோடு படிப்பது.

எல்லாப் பள்ளியிலும் எல்லா குரூப்பும் இருக்காது. பெயருக்கு குரூப் இருந்து, ஒரு பாடத்திற்கு ஆசிரியர் இல்லாத பள்ளியும் உண்டு. விண்ணப்பம் வாங்கும் முன்பே இதை நேரில் கேட்டுவிட வேண்டும்.

மூன்று வழி பிரியும் ஊர்

திருச்சி - மதுரை நெடுஞ்சாலையில் இருக்கும் நம் கொடும்பாளூருக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய தொடர்பு உண்டு. சிலப்பதிகாரத்தில் காடுகாண் காதை என்று ஒரு பகுதி. கோவலன் மதுரைக்கு வழி கேட்கிறான். மாங்காட்டு மறையவர் பதில் சொல்கிறார். கொடும்பையின் பெரிய குளக்கரைக்குப் போனால் அங்கிருந்து வழி சூலம் போல மூன்றாகப் பிரியும் என்கிறார். வலது பக்க வழியில் என்ன இருக்கும், இடது பக்க வழியில் என்ன வரும், நடு வழியில் என்ன இடைஞ்சல் என்று ஒவ்வொன்றையும் விவரமாகச் சொல்கிறார். அந்தக் கொடும்பை நம் கொடும்பாளூர்தான் என்பது அறிஞர்கள் கருத்து.

மூன்று வழியும் மதுரைக்குத்தான் போகின்றன. எந்த வழியில் தண்ணீர் உண்டு, எந்த வழியில் மேடு உண்டு என்று தெரிந்தவர் சொல்கிறார். நடக்கிறவர்கள் தங்கள் காலையும் நேரத்தையும் பார்த்து நடக்கிறார்கள். பெற்றோர் செய்ய வேண்டிய வேலையும் இதுவே. வழியின் விவரத்தை நாம் விசாரித்துச் சொல்ல வேண்டும். நடக்கப் போவது பிள்ளை என்பதை மறக்கக் கூடாது.

எந்தப் படிப்புக்கு எது வேண்டும்?

வழியின் விவரம் என்பது, பிளஸ் டூவுக்குப் பின் எந்தப் படிப்பு எந்தப் பாடத்தைக் கேட்கிறது என்பதுதான். முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறோம்.

பொறியியல்: தமிழ்நாட்டில் 2007-08 முதல் பொறியியல் கலந்தாய்வுக்கு நுழைவுத்தேர்வு இல்லை. கணிதம், இயற்பியல், வேதியியல் மார்க்கை வைத்து 200-க்குத் தரம் போடுகிறார்கள். கணித மார்க் முழுசாகச் சேரும். மற்ற இரண்டும் பாதிப் பாதி சேரும். கணிதத்தில் 80, இயற்பியலில் 70, வேதியியலில் 76 என்றால் 80 + 35 + 38 = 153. இதுதான் கட்-ஆஃப். கணிதத்தில் தடுமாறுகிற பிள்ளைக்கு இதில் பாதி எடை கணிதத்தில்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். இன்னொரு விஷயம்: கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் சேர பிளஸ் டூவில் கணினி அறிவியல் படித்திருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கட்-ஆஃப் கணக்கில் அந்தப் பாடம் வருவதே இல்லை.

மருத்துவம்: இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். தமிழ்நாட்டில் 2017 முதல் நீட் தேர்வு மார்க்கை வைத்துத்தான் இடம். நீட் மொத்தம் 720 மார்க். அதில் உயிரியல் மட்டும் 360. கணிதம் கிடையாது. சரியான விடைக்கு 4 மார்க், தவறான விடைக்கு 1 மார்க் கழிவு. பிளஸ் டூ படிப்போடு தனியாக இதற்கும் தயாராக வேண்டும் என்பதால் செலவு, நேரம், பிள்ளையின் உடல்நிலை மூன்றையும் யோசிக்க வேண்டும்.

வேளாண்மை, கால்நடை மருத்துவம்: நம் வீடுகளில் இந்தப் பெயர்கள் அதிகம் அடிபடுவதில்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும், கால்நடை மருத்துவப் படிப்பின் மாநில ஒதுக்கீட்டு இடங்களிலும் பிளஸ் டூ மார்க்கைக் கொண்டே சேர்த்து வந்திருக்கிறார்கள். உயிரியல் பிடித்த, ஆனால் நீட் அளவு ஓட்டம் ஓட விரும்பாத பிள்ளைக்கு இது நல்ல வழி. நம் மாவட்டத்திலேயே குடுமியான்மலையில் வேளாண் கல்லூரி இருக்கிறது.

பி.காம்., கணக்குத் தொழில்: பி.காம். சேர்க்கையில் வணிகவியல், கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு முன்னுரிமை உண்டு. சி.ஏ. என்னும் பட்டயக் கணக்காளர் படிப்புக்கு எந்த குரூப் படித்தவரும் பிளஸ் டூவுக்குப் பின் போகலாம். அதன் முதல் படியான ஃபவுண்டேஷன் தேர்வில் நான்கு தாள்: கணக்கியல், வணிகச் சட்டம், வணிகக் கணிதமும் புள்ளியியலும் தர்க்கமும், வணிகப் பொருளியல். மூன்றாவது குரூப்பில் வணிகக் கணிதம் எடுத்த பிள்ளைக்கு இவற்றில் பெரும்பகுதி ஏற்கெனவே பழகிய பாடம்.

சட்டம், அரசு வேலை: பிளஸ் டூவுக்குப் பின் ஐந்து வருடச் சட்டப் படிப்புக்கு எந்த குரூப்பும் சரி. அரசுப் பணித் தேர்வுகள் பெரும்பாலும் பத்தாம் வகுப்பையோ பட்டப்படிப்பையோ கேட்கின்றன, குரூப்பைக் கேட்பதில்லை.

பாலிடெக்னிக்: பத்தாவது முடித்தவுடன் மூன்று வருட டிப்ளமோ படிக்கலாம். பிறகு விரும்பினால் பொறியியல் கல்லூரியில் நேராக இரண்டாம் வருடத்தில் சேரலாம். கையால் வேலை செய்வதில் நாட்டமுள்ள பிள்ளைக்கு இதையும் ஐ.டி.ஐ.யையும் யோசிக்கலாம்.

இந்தப் பட்டியலைப் பார்த்தால், கணிதமும் உயிரியலும் சேர்ந்த முதல் குரூப் எல்லாக் கதவையும் திறந்து வைக்கிறது என்று தோன்றும். உண்மைதான். ஆனால் எல்லாச் சரக்கும் வைத்திருக்கிற கடைக்கு முதலும் அதிகம், கழிவும் அதிகம். கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கும் கனமான பாடங்கள். நான்கையும் தாங்கும் பிள்ளைக்கு அது நல்ல குரூப். இரண்டைத் தாங்கி இரண்டில் சரிகிற பிள்ளைக்கு, திறந்திருக்கும் கதவுகளில் எதற்குள்ளும் நுழையும் மார்க் வராது.

நம் வீடுகளில் கேட்கும் இரண்டு பேச்சுகள்

கடைக்காரர்கள் வீட்டில் இரண்டு விதமான பேச்சு கேட்கிறது. "நான்தான் காலை ஐந்து மணிக்குக் கடை திறந்து ராத்திரி பத்து மணிக்கு மூடுகிறேன். என் பிள்ளையாவது இன்ஜினியர் ஆகட்டும்" என்பது ஒன்று. "எப்படியும் கல்லாவில்தான் உட்காரப் போகிறான். எந்த குரூப்பாக இருந்தால் என்ன?" என்பது மற்றொன்று.

முதல் பேச்சில் பாசம் இருக்கிறது. நம் கஷ்டம் பிள்ளைக்கு வரக் கூடாது என்ற எண்ணம் இருக்கிறது. ஆனால் அந்தப் பாசம் பிள்ளையின் கணித நோட்டைத் திறந்து பார்ப்பதில்லை. பத்தாம் வகுப்பில் 400 மார்க் வாங்கிவிட்டான், ஆகவே முதல் குரூப் என்று சேர்த்துவிடுகிறோம். பிளஸ் ஒன் காலாண்டுத் தேர்வில் கணிதத்தில் 20 மார்க் வரும்போதுதான் விழிக்கிறோம். பிறகு டியூஷன், அதன் பிறகு திட்டு, அதன் பிறகு பிள்ளை வீட்டில் பேசுவதையே குறைத்துக் கொள்கிறது.

இரண்டாவது பேச்சு பிள்ளையின் காதில் விழும்போது வேறு மாதிரிக் கேட்கிறது. 'உன் படிப்பை யாரும் ஒரு பொருட்டாக எடுத்துக் கொள்ளவில்லை' என்றுதான் அதற்குக் கேட்கும். கடைக்கு வரப் போகிற பிள்ளைக்கும் படிப்பு வேண்டும். சொல்லப் போனால் இனிமேல் கடைக்கு வருகிறவருக்குத்தான் கூடுதலாக வேண்டும். 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு பில், கொள்முதல் கணக்கு, வரி வரவு, கணக்குத் தாக்கல் எல்லாமே கம்ப்யூட்டர் வழியாகத்தான். சிறு கடையில் கூட செல்போன் வழியாகப் பணம் வருகிறது. வங்கிக் கணக்கும் கல்லாவும் ஒத்துப் போக வேண்டும். முன்பு போல மனக்கணக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டும் வைத்து ஓட்ட முடிகிறதா என்பதை அவரவர் சொல்லட்டும்.

மூன்றாவது குரூப் கழித்த சரக்கா?

இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் மாட்டிக் கொண்டு தாழ்ந்து கிடப்பது மூன்றாவது குரூப்தான். மார்க் குறைந்தவர்கள் எடுப்பது, சயின்ஸ் கிடைக்காதவர்கள் போவது என்று ஒரு பெயர். மற்றவர்கள் சொன்னாலும் பரவாயில்லை. கணக்கு எழுதிப் பிழைக்கும் நாமே அப்படிச் சொல்வதுதான் வேடிக்கை.

அந்தப் பாடப்புத்தகத்தை வாங்கி ஒரு தரம் புரட்டிப் பாருங்கள். பிளஸ் ஒன் கணக்குப்பதிவியலில் குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு, ரொக்கப் புத்தகம், வங்கிச் சரிக்கட்டும் பட்டியல், பிழை திருத்தம், தேய்மானம், இறுதிக் கணக்கு என்று வரிசையாக வருகிறது. பிளஸ் டூவில் கூட்டாளி சேருவது, கூட்டாளி விலகுவது, அப்போது சொத்தையும் நற்பெயரையும் எப்படி மதிப்பிடுவது என்று வருகிறது. அண்ணன் தம்பி கடையைப் பிரிக்கும்போது பஞ்சாயத்தில் நாம் முட்டிக் கொள்கிற விஷயமே அது. கம்ப்யூட்டரில் டேலி கணக்கும் அதே புத்தகத்தில் உண்டு.

முழுமையில்லாத பதிவேடுகளில் இருந்து கணக்கு எடுப்பது எப்படி என்று ஒரு பாடம் இருக்கிறது. கடன் நோட்டு ஒரு பக்கம், ரொக்கம் ஒரு பக்கம், சரக்கு இருப்பு மனதில் என்று வைத்திருக்கும் சிறு வியாபாரியின் லாப நஷ்டத்தைக் கண்டுபிடிப்பதற்கான பாடம் அது. அதாவது நம் கடையைப் பற்றிய பாடம். வணிகவியல் புத்தகத்தில் மொத்த வியாபாரம், சில்லறை வியாபாரம், பண்டகக் காப்பகம், போக்குவரத்து, காப்பீடு, வங்கி எல்லாம் வருகின்றன. ஆண்டுக் கணக்கில் அடிபட்டு நாம் கற்றதைப் பிள்ளை பதினாறு வயதில் பெயர் சொல்லிக் கற்கிறது.

இதில் பிள்ளைகளுக்கு ஒரு அனுகூலமும் இருக்கிறது. கணிதமும் அறிவியலும் ஒன்றாம் வகுப்பிலிருந்து தொடர்ந்து வருபவை. நடுவில் விட்டுப் போனவர்களுக்கு அந்த விடுபட்ட இடம் பிளஸ் ஒன்னில் இடறும். வணிகவியலும் கணக்குப்பதிவியலும் பிளஸ் ஒன்னில்தான் புதிதாகத் தொடங்குகின்றன. வகுப்பில் எல்லோரும் முதல் பக்கத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். பத்தாவது வரை பின்தங்கியிருந்த பிள்ளை இங்கே முன்னுக்கு வர இடம் இருக்கிறது. கடைக்காரர் பிள்ளைக்கு இன்னும் ஒரு படி மேல்: பற்று, வரவு, சரக்கு இருப்பு, தள்ளுபடி என்ற சொற்கள் அதன் காதில் பிறந்ததிலிருந்து விழுகின்றன.

கொடும்பாளூருக்கு இதில் ஒரு பெருமையும் சேரும். மணிக்கிராமம் என்ற வணிகர் குழு தமிழகத்தில் பல ஊர்களில் இருந்தது. கொடும்பாளூர் மணிக்கிராமத்தார் என்ற பெயர் கல்வெட்டுகளில் வருகிறது. கடல் கடந்து தாய்லாந்தின் தகுவாபாவில் கிடைத்த, ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் தமிழ்க் கல்வெட்டிலும் மணிக்கிராமத்தாரின் பெயர் உண்டு. அத்தனை தூரம் போய் வியாபாரம் செய்தவர்கள் கணக்கு எழுதாமல் போயிருக்க முடியுமா? அந்த மரபில் நிற்கும் நாம் கணக்குப் படிப்பைக் கழித்த சரக்காக ஒதுக்குவது நியாயமில்லை.

அதற்காக எல்லோரும் மூன்றாவது குரூப்பில் சேருங்கள் என்று சொல்ல வரவில்லை. இயற்பியலில் உயிரை வைத்திருக்கும் பிள்ளையைக் கடைக்காரர் பிள்ளை என்பதற்காகக் கணக்குப் பிரிவில் தள்ளுவதும் அதே தவறுதான். பொறியியல் எண்ணம் இருந்தால் மூன்றாவது குரூப் அந்தக் கதவை அடைத்துவிடும். வணிகக் கணிதம் அங்கே கணிதத்திற்கு ஈடாகாது. இதையும் பிள்ளையிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

மார்க் ஷீட்டை எப்படிப் பார்ப்பது?

மொத்த மார்க் ஒரு கடையின் மொத்த விற்பனை மாதிரி. எந்தச் சரக்கில் லாபம், எதில் நஷ்டம் என்று அது காட்டாது. பத்தாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் எல்லாம் சேர்ந்து அறிவியல் என்ற ஒரே பாடமாக இருக்கிறது. 85 மார்க் வாங்கிய பிள்ளை அதை உயிரியல் பக்கத்தில் வாங்கினதா, கணக்கு போடும் இயற்பியல் பக்கத்தில் வாங்கினதா என்று மார்க் ஷீட்டில் தெரியாது. வகுப்பு ஆசிரியருக்குத் தெரியும். ஒரு நாள் கடையை அரை மணி நேரம் தாமதமாகத் திறந்தாலும் பரவாயில்லை, அவரிடம் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.

பொதுத்தேர்வு மார்க்கை மட்டும் பார்க்காமல் எட்டு, ஒன்பதாம் வகுப்பு மார்க்கையும் எடுத்துப் பாருங்கள். மூன்று வருடமும் ஒரே பாடத்தில் ஏறு முகம் என்றால் அது பிள்ளையின் சொந்தச் சரக்கு. கடைசி இரண்டு மாத டியூஷனில் மட்டும் ஏறியது என்றால் அதன் மீது இரண்டு வருடக் கட்டிடம் கட்டலாமா என்று யோசிக்க வேண்டும்.

வீட்டில் பேசுவது எப்படி?

கடைக்காரருக்கும் பிள்ளைக்கும் பேச நேரம் கிடைப்பது அரிது. நாம் வீட்டுக்கு வரும்போது பிள்ளை தூங்கியிருக்கும். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கடையைச் சாத்திவிட்டு, வீட்டம்மாவையும் உடன் வைத்துக் கொண்டு உட்காருங்கள். பிள்ளையைத் தினமும் பார்ப்பவர் அவர்தான். கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, ஆள் வந்து போகும் இடத்தில் இந்தப் பேச்சு வேண்டாம். நாலு பேர் முன்னால் எந்தப் பிள்ளையும் மனதைத் திறக்காது.

"என்ன ஆகப் போகிறாய்?" என்று தொடங்கினால் பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் பதில் தெரியாது. சினிமாவில் பார்த்ததையோ நண்பன் சொன்னதையோ சொல்லும். கீழ்க்கண்ட மாதிரி கேட்டால் விஷயம் வெளியே வரும்:

1. யாரும் சொல்லாமலே நீ எடுத்துப் படிக்கிற பாடம் எது?

2. பரீட்சைக்கு முந்தின ராத்திரி எந்தப் பாடத்துக்குப் பயம்?

3. இந்த குரூப் வேண்டும் என்கிறாயே, பாடத்தைப் பார்த்துச் சொல்கிறாயா, கூட்டாளி சேருகிறான் என்று சொல்கிறாயா?

4. இதைப் படித்தபின் என்னென்ன படிப்புக்குப் போகலாம், எதற்குப் போக முடியாது என்று தெரியுமா?

5. அந்தப் படிப்பு கிடைக்காவிட்டால் அடுத்தது என்ன?

ஐந்தாவது கேள்வி முக்கியம். ஒரே சரக்கை நம்பி யாரும் கடை வைப்பதில்லை. மருத்துவம் கிடைக்காவிட்டால் வேளாண்மை, இன்ஜினியரிங் கிடைக்காவிட்டால் பி.எஸ்சி. கணிதம், சி.ஏ. தாமதமானால் கையில் பி.காம். என்று இரண்டாவது வழியை முன்பே பேசி வைத்திருந்தால், தேர்வு முடிவு எதிர்பார்த்தபடி வராத நாளில் வீடு கலங்காது.

பக்கத்து வீட்டுப் பிள்ளையை ஒப்பிட்டுப் பேச வேண்டாம். பிள்ளை ஒரு குரூப்பைச் சொன்னால் உடனே மறுக்கவும் வேண்டாம். அந்த குரூப்பில் படித்துக் கொண்டிருக்கும் மூத்த மாணவர் ஒருவரின் புத்தகத்தை இரவல் வாங்கி, முதல் இரண்டு பாடத்தைப் பிள்ளையைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சரக்குக்கு சாம்பிள் பார்ப்பது போலத்தான். ஒரு வாரத்தில் பிள்ளைக்கே தெரிந்துவிடும்.

பெண் பிள்ளைகள் விஷயம்

பையனுக்கு வெளியூர்ப் பள்ளியையும் விசாரிக்கும் நாம், பெண் பிள்ளைக்கு மட்டும் 'பக்கத்துப் பள்ளியில் என்ன குரூப் இருக்கிறதோ அது போதும்' என்று நிறுத்திவிடக் கூடாது. விராலிமலைக்கோ இலுப்பூருக்கோ மணப்பாறைக்கோ பஸ் ஏறிப் போய் விரும்பின குரூப்பைப் படிப்பது பெண்ணுக்கும் உரியதே. பஸ் நேரம், கூட வரும் தோழிகள், மாலை திரும்பும் நேரம் இவற்றை விசாரித்து ஏற்பாடு செய்வது நம் வேலை. மாணவர்களுக்குக் கட்டணமில்லா பஸ் பாஸ் உண்டு. அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளியில் பிளஸ் ஒன் சேருகிறவர்களுக்கு விலையில்லா சைக்கிள் திட்டமும் இருந்து வருகிறது. கணக்கு படித்த பெண்ணைக் கடைக் கணக்கில் சேர்த்துக் கொண்டால் கடைக்கும் நல்லது, நாளை எந்த வீட்டுக்குப் போனாலும் அவருக்கும் அது கைத்தொழில்.

பள்ளி மாற்றும் முன் மூன்று விதிகள்

குரூப்போடு பள்ளியையும் மாற்றுவது நம்மிடையே வழக்கமாகி வருகிறது. பத்தாவது வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையை, பிளஸ் ஒன்னுக்கு மட்டும் கடன் வாங்கிப் பணம் கட்டித் தனியார் பள்ளியில் சேர்க்கிறோம். கட்டுவதற்கு முன் மூன்று விஷயத்தைத் தெரிந்து கொள்ள வேண்டும்.

ஒன்று: ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. 2021 முதல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டப் படிப்புகளுக்கும் அது வந்தது. பிளஸ் ஒன்னில் தனியார் பள்ளிக்கு மாற்றினால் அந்த உரிமை போய்விடும்.

இரண்டு: அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி சேரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-ல் தொடங்கியது. ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-ல் வந்தது. இவற்றிலும் ஆறு முதல் பன்னிரண்டு வரை எங்கே படித்தார் என்பதுதான் கணக்கு.

மூன்று: அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத இடம் ஒதுக்கும் சட்டம் 2010-ல் வந்தது. 2020-ல் அது திருத்தப்பட்டு, பள்ளிப் படிப்பும் தமிழ் வழியில் இருக்க வேண்டும் என்றானது. பிளஸ் ஒன்னில் ஆங்கில வழிக்கு மாற்றினால் பட்டப்படிப்பைக் கேட்கும் பணிகளில் இந்தச் சலுகை கிடைக்காது.

மாற்றவே கூடாது என்பதல்ல. மாற்றுவதால் என்ன கிடைக்கிறது, என்ன போகிறது என்று இரு பக்கமும் எழுதிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். விதிகள் அவ்வப்போது மாறும். சேர்க்கும் வருடத்தில் நடப்பில் உள்ளதைப் பள்ளித் தலைமையாசிரியரிடம் கேட்டு உறுதி செய்து கொள்ளுங்கள்.

சேர்த்த பிறகு

சேர்த்ததோடு வேலை முடிந்துவிடவில்லை. முதல் மாதம் பிள்ளையைக் கவனிக்க வேண்டும். கஷ்டமாக இருக்கிறது என்று பிள்ளை சொன்னால் அது சோம்பேறித்தனம் என்று தள்ளிவிடாமல், எந்தப் பாடம், ஏன் என்று கேளுங்கள். ஒரு பாடம் மட்டும் இடறினால் ஆசிரியர் உதவியோடு சரி செய்யலாம். மூன்று பாடமும் இடறினால் குரூப்பே ஒத்து வரவில்லை என்று அர்த்தம். தொடக்க வாரங்களிலேயே தலைமையாசிரியரைப் பார்த்து, வேறு குரூப்பில் இடமிருக்கிறதா என்று கேட்கலாம். காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு கேட்பது கடினம். குரூப் மாற்றுவதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2018-ல் வந்து, 2025-26 கல்வியாண்டில் நீக்கப்பட்டுவிட்டது. அதனால் பிளஸ் ஒன் பாடத்தை ஓட்டிவிடலாம் என்று பிள்ளைகள் நினைக்கக் கூடும். அது ஆபத்து. குறிப்பேடும் பேரேடும் தெரியாமல் இறுதிக் கணக்கு வராது. பிளஸ் ஒன் கணிதம் இல்லாமல் பிளஸ் டூ கணிதம் நிற்காது. நீட்டுக்கும் இரண்டு வருடப் பாடமும் வேண்டும்.

பள்ளி நடக்கும் இந்த இரண்டு வருடமும் பிள்ளையைக் கடையில் உட்கார வைக்கும் நேரத்திற்கு ஒரு வரம்பு வையுங்கள். பண்டிகைக் கூட்டத்தில் ஒரு கை கொடுக்கட்டும், தவறில்லை. தினமும் மாலை ஆறு முதல் ஒன்பது வரை பொட்டலம் மடிக்க வைத்துவிட்டு, மார்க் குறைந்ததற்கு குரூப்பைக் குறை சொல்லக் கூடாது.

நம் சங்க உறுப்பினர்களில் பட்டதாரிப் பிள்ளைகள், கணக்கர்கள், ஆசிரியர்களின் உறவினர்கள் என்று விவரம் தெரிந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். ஒவ்வொரு கிளைச் சங்கமும் தேர்வு முடிவு வரும் வாரத்தில் ஒரு மாலைக் கூட்டம் போட்டு, பிளஸ் ஒன் சேரும் பிள்ளைகளையும் பெற்றோரையும் உட்கார வைத்துப் பேசினால் போதும். நாற்காலியும் டீச் செலவும்தான் ஆகும். பிள்ளைகளுக்கு அதில் தெளிவு கிடைத்தால் அதைவிட நல்ல கொள்முதல் வேறில்லை.